கடலோர ஹோட்டல் ஹீட் பம்ப்: அவுட்டோர் காயிலை எப்படிக் கழுவுவது, கேஸ் போடும் முன் எதைப் பார்ப்பது?

மாடி_டேங்க் (கேள்வி):

வணக்கம். திருவான்மியூரில் 48 அறை உள்ள ஹோட்டல், கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டருக்குள். சுடுதண்ணிக்காக மொட்டை மாடியில் இரண்டு ஹீட் பம்ப் ஓடுகிறது. ஒவ்வொன்றும் 30 கிலோவாட், கேஸ் ஆர்-134ஏ, மேலே ஃபேன், இரண்டு பக்கமும் காயில் (கேஸ் ஓடும் குழாய்கள், அவற்றின் மேல் ஃபின் என்னும் மெல்லிய தகடுகள்). போட்டு நாலு வருஷம் ஆகிறது. டேங்க் 5,000 லிட்டர், செட் பாயின்ட் 55 டிகிரி.

காலைக் குளியல் நேரம் முடிந்து டேங்க் 40 டிகிரிக்கு இறங்கினால், முன்பு ஒன்றரை மணி நேரத்தில் மறுபடி 55-க்கு ஏறிவிடும். இப்போது இரண்டரை மணி நேரம் எடுக்கிறது. இரண்டாவது யூனிட்டில் காயிலின் அடியில் நாலைந்து குழாயில் மட்டும் ஐஸ் கட்டுகிறது. ஃபின்னில் நீல நிறம் போய் ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி.

ஏ.எம்.சி. (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) ஆட்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து வெளியே நின்று தண்ணியைப் பீய்ச்சிவிட்டு கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். இந்த முறை "கேஸ் கம்மி, போட்டுடலாம்" என்கிறார்கள். ஒத்துக்கொள்ளும் முன் நான் எதைப் பார்க்கணும்? காயிலை முறையாக எப்படிக் கழுவுவது, எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை? போர் தண்ணி இருக்கு, ஆர்.ஓ. ரிஜெக்ட் தண்ணியும் தினமும் வீணாகப் போகுது. அதையே கழுவ எடுத்துக்கலாமா?

*

காயில்_பக்கம்:

ஆர்.ஓ. ரிஜெக்ட் கூடவே கூடாது சார். மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம், முதல்ல இந்த யோசனையை விடுங்க. ஆர்.ஓ. பிரிச்சு ஒதுக்கின உப்பு முழுக்க அந்தத் தண்ணியிலதான் இருக்கு. அதை ஊத்திக் காயிலைக் கழுவறது உப்புத் தண்ணியால உப்பைக் கழுவற மாதிரி. திருவான்மியூர் போர் தண்ணியும் பெரும்பாலும் அதுக்குத் தம்பிதான். சாஃப்ட்னர் வழியா வந்த தண்ணி பரவாயில்லைன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துட்டு சோடியத்தைக் குடுக்குது, அவ்வளவுதான். குளோரைடு அப்படியே இருக்கும், டிடிஎஸ்ஸும் (தண்ணியில கரைஞ்சிருக்கற உப்போட மொத்த அளவு) குறையாது. மெட்ரோ வாட்டர்ல கழுவுங்க, கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்.ஓ. நல்ல தண்ணி யூனிட்டுக்கு 30 லிட்டர் ஒதுக்குங்க.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, உங்க யூனிட்டோட காயில் ஏ.சி. அவுட்டோர் காயில் மாதிரி கிடையாது. ஏ.சி.யில வெளியே இருக்கறது சூடான காயில், எப்பவும் காய்ஞ்சு கிடக்கும். சுடுதண்ணி ஹீட் பம்ப்ல வெளியே இருக்கறது குளிர்ற காயில். கேஸ் அங்க 15 டிகிரி வாக்குல கொதிச்சு காத்துல இருந்து வெப்பத்தை எடுக்குது. சென்னைக் காத்தோட பனிநிலை (காத்துல இருக்கற ஈரம் தண்ணியாப் படியற வெப்பநிலை) வருஷத்துல பெரும்பாலான மாசம் 20 டிகிரிக்கு மேல. அதனால யூனிட் ஓடற நேரமெல்லாம் காயில் நனைஞ்சே இருக்கும். கடல்காத்து கொண்டுவர்ற உப்பு அந்த ஈரத்துல கரைஞ்சு, செம்புக் குழாய்க்கும் அலுமினிய ஃபின்னுக்கும் நடுவுல ஒரு பேட்டரியே உருவாகுது. அந்தப் பேட்டரியில கரையறது அலுமினியம். நீங்க பார்க்கற வெள்ளைப் பொடி அதுதான்.

நீலக் கோட்டிங் இருக்கே, அப்புறம் எப்படின்னு கேட்பாங்க. அந்தக் கோட்டிங் தகட்டு மேல முதல்லயே பூசி வர்றது. அதுக்கு அப்புறம்தான் குழாய்க்கு ஓட்டை போட்டு, ஓரத்தை வெட்டறாங்க. வெட்டின ஓரமும் ஓட்டையோட விளிம்பும் வெறும் அலுமினியம். அரிப்பு அங்கதான் ஆரம்பிக்கும். விளிம்பு அரிச்சுட்டா ஃபின் குழாயைத் தொடாம சும்மா தொங்கும். பார்க்க காயில் முழுசா இருக்கும், வெப்பம் மட்டும் போய்ச் சேராது. கையுறை போட்டுக்கிட்டு கீழ் மூலையில ஒரு ஃபின்னை விரலால லேசா அழுத்திப் பாருங்க. வளைஞ்சு கொடுத்தா உயிர் இருக்கு. அப்பளம் மாதிரி நொறுங்கினா அந்தப் பகுதி போயிடுச்சு, அதைக் கழுவி மீட்க முடியாது.

இனி கழுவற முறை. ஐசோலேட்டரை (யூனிட்டோட மெயின் சுவிட்ச்) ஆஃப் பண்ணிப் பூட்டு போட்டு, சாவியைப் பாக்கெட்ல வைங்க. இன்வெர்ட்டர் யூனிட்டா இருந்தா குறைஞ்சது 10 நிமிஷம் காத்திருந்து, டிசி பக்கம் வோல்டேஜ் இறங்கிடுச்சான்னு மீட்டர்ல பார்த்துட்டுத்தான் கை வைக்கணும். மேல் ஃபேன் கிரில்லைக் கழட்டுங்க. மோட்டாரையும் கன்ட்ரோல் பாக்ஸையும் பாலிதீன்ல சுத்திக் கட்டுங்க.

தண்ணி உள்ளே இருந்து வெளியே போகணும். உங்க ஆட்கள் பண்றது நேர் தலைகீழ். ஓடும்போது காத்து வெளியே இருந்து உள்ளே போகுது, அழுக்கு வெளிமுகத்துலதான் அடையுது. வெளியே நின்னு பீய்ச்சினா அந்த அழுக்கு ரெண்டு வரிசைக் குழாய்க்கு நடுவுல போய்ச் சேறா உட்கார்ந்துடும். பார்க்கப் பளிச்சுன்னு இருக்கும், டார்ச் அடிச்சா மறுபக்கம் வெளிச்சம் வராது. அந்த டார்ச் சோதனையைக் கழுவறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் செய்யுங்க.

சாதாரண தோட்டத்துக் குழாய் அழுத்தம் போதும், 3 பார் தாண்ட வேண்டாம். கார் கழுவற பிரஷர் வாஷர் ஃபின்னைப் படுக்க வச்சுடும். தண்ணி காயில் முகத்துக்கு நேரா விழணும், சாய்ச்சு அடிக்கக் கூடாது. மேலே இருந்து கீழே வாங்க. பிரஷ் போடணும்னா மென்மையான நைலான், ஃபின் ஓடற திசையில மேலும் கீழும் மட்டும். படுத்துப்போன ஃபின்னை ஃபின் கோம்ப் வச்சு நிமிர்த்தலாம். ஆனா சீப்போட பல் இடைவெளி உங்க காயிலோட ஃபின் இடைவெளிக்குச் சரியா பொருந்தணும். பொருந்தாத சீப்பு கிழிச்சுடும். ஏற்கனவே வெள்ளைப் பொடி விழுந்த இடத்துல சீப்பே வேண்டாம்.

கெமிக்கல் விஷயத்துல ரொம்பக் கவனம். கடையில "காயில் கிளீனர்"னு விக்கறதுல சிலது காஸ்டிக், சிலது ஆசிட். காஸ்டிக்கைத் தெளிச்சதும் வெள்ளை நுரை பொங்கி வரும், பார்க்கறவங்களுக்கு அழுக்கு கிளம்பற மாதிரி சந்தோஷமா இருக்கும். அந்த நுரைக்குப் பெரிய காரணம் அலுமினியமே கரைஞ்சு ஹைட்ரஜன் வாயு வர்றது. நாலு வருஷக் கடலோரக் காயிலுக்கு அது விஷம். லேபிள்ல பிஎச் 7-லிருந்து 9-க்குள்ள இருக்கற கிளீனரா பார்த்து, சொன்ன அளவு தண்ணி கலந்து, 5 முதல் 10 நிமிஷம் ஊற விட்டு, காயறதுக்குள்ள அலசிடணும். வெயில்ல சுடற காயில் மேல தெளிச்சா அங்கேயே காய்ஞ்சு ஒட்டிக்கும். காலையில 7 மணிக்கு முன்னாடி, இல்லன்னா சாயங்காலம் வச்சுக்கோங்க.

அலசினது போதுமான்னு கண்ணால சொல்ல முடியாது. ஒரு கையடக்க டிடிஎஸ் மீட்டர் வச்சுக்கோங்க. போற தண்ணியை அளங்க, காயில்ல இருந்து வழியற தண்ணியை ஒரு டம்ளர்ல பிடிச்சு அளங்க. முதல் டம்ளர்ல ஆயிரக்கணக்குல காட்டும். போறதுக்கும் வர்றதுக்கும் வித்தியாசம் 50 பிபிஎம்-க்குள்ள வர்ற வரைக்கும் அலசுங்க. ஏ.எம்.சி. சர்வீஸ் ஷீட்ல இந்த ரெண்டு எண்ணையும் எழுதச் சொல்லுங்க. அப்புறம் வெளியே நின்னு பீய்ச்சிட்டுப் போக முடியாது.

எத்தனை நாளைக்கு ஒருமுறை? கடல்ல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளன்னா 15 நாளைக்கு ஒருமுறை வெறும் நல்ல தண்ணி அலசல், மூணு மாசத்துக்கு ஒருமுறை கெமிக்கல் போட்டு முழுக் கழுவல். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வாரம் ஒருமுறை. வாடைக்காத்து நேரா கடல்ல இருந்து வருது, தூறலோட உப்பும் சேர்ந்து வருது. மழையே கழுவிடும்னு விட்டுடாதீங்க. மழை காயிலோட வெளி ஓரத்தை நனைக்கும், உள் வரிசைக்குப் போகாது. புயல் கடந்து போச்சுன்னா மறுநாளே அலசிடணும்.

காயிலுக்கு அடியில தண்ணி வடியற தட்டு, அதாவது டிரெய்ன் பேனை மறக்காதீங்க. ஓட்டையில சேறும் பாசியும் அடைச்சு, கீழ்க் குழாய் நாள் முழுக்க உப்புத் தண்ணியில ஊறும். கம்பி விட்டுக் குத்திட்டு ஒரு மக்கு தண்ணி ஊத்தினா ஒரு நிமிஷத்துக்குள்ள இறங்கணும். பாசிக்கு பிளீச்சிங் பவுடர் போடறவங்க இருக்காங்க, வேண்டாம், குளோரின் காயிலையும் பேனையும் சேர்த்துத் தின்னும்.

*

சூப்பர்ஹீட்_5:

கேஸ் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். "கேஸ் கம்மி" என்று சொல்பவர் நான்கு எண்ணைக் காட்டியாக வேண்டும்: சக்‌ஷன் பிரஷர், சக்‌ஷன் குழாயின் வெப்பநிலை, டிஸ்சார்ஜ் பிரஷர், லிக்விட் லைனின் வெப்பநிலை. இவை இல்லாமல் சொன்னால் அது யூகம். (சக்‌ஷன் என்பது கம்ப்ரசர் கேஸை உறிஞ்சும் பக்கம், டிஸ்சார்ஜ் அது தள்ளும் பக்கம், லிக்விட் லைன் திரவமான கேஸ் போகும் குழாய்.)

அழுக்குக் காயிலிலும் சக்‌ஷன் பிரஷர் குறையும், கேஸ் குறைந்தாலும் குறையும். பிரித்துக் காட்டுவது சூப்பர்ஹீட், அதாவது கேஸ் கொதிக்கும் வெப்பநிலையைவிட சக்‌ஷன் குழாய் எத்தனை டிகிரி கூடுதல் என்பது. காயில் அழுக்கானால், காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு தானே மூடிச் சமாளிக்கும். சூப்பர்ஹீட் 5 முதல் 8 டிகிரி என்ற வழக்கமான அளவிலேயே நிற்கும். கேஸ் குறைந்தால் வால்வு முழுதும் திறந்தும் போதாமல் சூப்பர்ஹீட் 15, 20 என்று ஏறிவிடும். சப்கூலிங்கும் (கேஸ் திரவமாகும் வெப்பநிலையைவிட லிக்விட் லைன் எத்தனை டிகிரி குறைவு என்பது) 2, 3 டிகிரிக்கு விழுந்துவிடும். சூப்பர்ஹீட் அதிகம், ஆனால் சப்கூலிங் நன்றாக இருக்கிறது என்றால் கேஸ் இருக்கிறது, வழியில் அடைப்பு. ஃபில்டர் டிரையரின் (லிக்விட் லைனில் ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் வடிகட்டி) இரண்டு பக்கமும் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் தெளிவாகக் குளிர்ந்திருந்தால் டிரையர் அடைத்திருக்கிறது.

ஐஸ் எப்படிக் கட்டுகிறது என்பதும் பேசும். காயில் முழுக்க ஒரே சீராக வெண்பனி என்றால் காற்றோட்டக் குறை: அழுக்கு, அல்லது ஃபேன். கேஸைக் காயில் குழாய்களுக்குப் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பக்கத்துச் சில குழாய்களில் மட்டும் கட்டியாக ஐஸ், மீதிக் காயில் காய்ந்து வெதுவெதுப்பு என்றால் கேஸ் பாதி வழியிலேயே தீர்ந்துபோகிறது. குளிர் நாடுகளில் ஹீட் பம்ப் காயிலில் பனி உறைவது அன்றாடம், அதற்காகவே டிஃப்ராஸ்ட் வைத்திருக்கிறார்கள். சென்னையில் அப்படியில்லை. மார்கழி விடியற்காலையில்கூட இங்கே காற்று 20 டிகிரிக்குப் பக்கம். காயிலில் ஐஸ் கண்டால் பருவத்தின் மேல் பழி போட வேண்டாம், அது பழுது.

ஆர்-134ஏ எந்த அழுத்தத்தில் எத்தனை டிகிரியில் கொதிக்கும் அல்லது திரவமாகும் என்று நினைவில் வைக்க வேண்டியவை: 28 பிஎஸ்ஐ என்றால் 0 டிகிரி, 45 என்றால் 10, 56 என்றால் 15, 68 என்றால் 20. டிஸ்சார்ஜ் பக்கம் 202 பிஎஸ்ஐ 55 டிகிரி, 229 பிஎஸ்ஐ 60, 259 பிஎஸ்ஐ 65. எல்லாம் கேஜில் தெரியும் அளவு.

தண்ணி பக்கத்தையும் அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள். யூனிட்டை விட்டு வெளியேறும் தண்ணி 55 டிகிரியில் இருக்கும்போது டிஸ்சார்ஜ் பிரஷர் 220 முதல் 230-க்குள் இருந்தால் கேஸின் வெப்பம் தண்ணிக்கு மாறும் எக்ஸ்சேஞ்சர் சுத்தம். அதே 55-க்கு 260 காட்டினால் உள்ளே உப்புப் படிவு. சென்னைக் கடினத் தண்ணிக்கு இது அடிக்கடி வரும், காயிலை எத்தனை தடவை கழுவினாலும் சரியாகாது. முதலில் தண்ணிக் குழாயில் உள்ள வடிகட்டியை (ஒய்-ஸ்ட்ரெய்னர்) கழற்றிக் கழுவுங்கள். அப்புறம் 5 சதவீத சிட்ரிக் ஆசிட் கரைசலை எதிர்த் திசையில் இரண்டு மூன்று மணி நேரம் சுற்ற விட்டு, நல்ல தண்ணியால் அலசுங்கள். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வேண்டாம், பிளேட் எக்ஸ்சேஞ்சரின் ஸ்டெயின்லெஸ் தகட்டைக் குளோரைடு ஓட்டை போட்டுவிடும்.

இன்னொன்று: ஒவ்வொரு சர்வீஸிலும் கேஜ் மாட்டவே கூடாது. மாட்டும்போதும் கழற்றும்போதும் கொஞ்சம் கேஸ் போகும், வால்வு முள்ளில் மணல் சேர்ந்தால் அதுவே லீக். கன்ட்ரோலர் திரையில் பிரஷர் காட்டினால் அதை எழுதிக்கொள்ளுங்கள், சந்தேகம் வந்தால் மட்டும் கேஜ். கழற்றியதும் பித்தளை மூடி, உள்ளே ஓ-ரிங்கோடு, திரும்ப ஏறியதா என்று நீங்களே பாருங்கள். மூடி இல்லாத சர்வீஸ் வால்வு மெல்லக் கசியும்.

*

மெகர்_500:

மேலே ரெண்டு பேரும் நல்லா சொல்லிட்டாங்க. எலக்ட்ரிகல் பக்கம் நான்.

கடலோரத்துல பெட்டி திறந்ததும் முதல்ல பாருங்க, லக்குல (வயர் முனையில அடிக்கற உலோகப் பிடி) பச்சை பூத்திருக்கா? பூத்திருந்தா துடைச்சா போதாது. வயரை ஒரு இன்ச் வெட்டி, உள் கம்பி பளபளன்னு இருக்கற இடத்துல புது டின் பூசின லக் அடிக்கணும். வயர் உள்ளே கருத்திருந்தா இன்னும் உள்ளே போங்க. டெர்மினல் ஸ்க்ரூ ஆறு மாசத்துக்கு ஒருமுறை டார்க் ஸ்க்ரூடிரைவர்ல, காண்டாக்டர் (கம்ப்ரசருக்குக் கரன்ட் சேர்க்கற சுவிட்ச்) மேல போட்டிருக்கற அளவுக்கு மட்டும். கண்ட மேனிக்கு முறுக்கினா நூல் போயிடும்.

காண்டாக்டருக்குள்ள எறும்பு, பல்லி. இது சென்னை மொட்டை மாடியில சாதாரணம். காண்டாக்ட் நடுவுல நசுங்கி ஒரு ஃபேஸ் சேராம போச்சுன்னா கம்ப்ரசர் சிங்கிள் ஃபேஸிங்ல எரியும். கேபிள் நுழையற ஓட்டைக்குச் சரியான சைஸ் கிளாண்ட் போடுங்க, துணி திணிக்கறது பல்லிக்கு வீடு கட்டிக் கொடுக்கற மாதிரி.

மூணு ஃபேஸ் வோல்டேஜும் ஓடும்போது அளங்க. உதாரணமா 418, 410, 402 வந்தா சராசரி 410, அதிகபட்ச விலகல் 8, கிட்டத்தட்ட 2 சதவீதம். அதுக்கு மேல போக விடாதீங்க. வோல்டேஜ்ல சின்ன ஏற்றத்தாழ்வு கரன்ட்ல பல மடங்காத் தெரியும், மோட்டார் சூடாகும். ஃபேஸ் மாறினா ஸ்க்ரோல் கம்ப்ரசர் தலைகீழாச் சுத்தும். கடகடன்னு சத்தம், பிரஷர் ஏறாது. உடனே நிறுத்தணும். டிரான்ஸ்ஃபார்மர் வேலை, ஜெனரேட்டர் வேலை நடந்த மறுநாள் இதைக் கண்டிப்பா பாருங்க.

கம்ப்ரசர் மெகர் (இன்சுலேஷன் சோதனை) 500 வோல்ட்ல, வயரைக் கழட்டிட்டுத்தான். இன்வெர்ட்டர் போர்டோட சேர்த்து மெகர் அடிச்சா போர்டு போயிடும். ரொம்ப நாள் நின்ன யூனிட்ல லிக்விட் தேங்கி ரீடிங் குறைவா வரலாம். கம்ப்ரசர் அடியைச் சூடாக்கற கிராங்க்கேஸ் ஹீட்டரை போட்டு வச்சு மறுபடி பாருங்க, அதுக்கப்புறமும் 1 மெகாஓமுக்குக் கீழன்னா கவலைப்படணும். வேக்குவம்ல இருக்கும்போது கம்ப்ரசருக்கு எந்த வோல்டேஜும் கொடுக்கக் கூடாது, மெகர் உள்பட.

ஃபேன் சிங்கிள் ஃபேஸ்னா கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் பண்ணிட்டு அளங்க. 8 மைக்ரோஃபாரட்னு போட்டிருந்து 7-தான் காட்டுதுன்னா தூக்கிப் போடுங்க. கெபாசிட்டர் தளர்ந்தா ஃபேன் சுத்தும், ஆனா மெதுவா. வெளியே நின்னு பார்க்கறவங்களுக்கு ஃபேன் நல்லா ஓடற மாதிரியே தெரியும், காத்து பாதிதான். மோட்டார் அடியில ஒரு சின்ன டிரெய்ன் ஓட்டை இருக்கும், அதை பெயின்ட்லயோ சிலிக்கான்லயோ அடைச்சுடாதீங்க.

கால் போல்ட்டையும் பார்த்துடுங்க. ஜி.ஐ. போல்ட் துரு பிடிச்சு கழுத்துல மெலிஞ்சிருக்கும். 2016 டிசம்பர் 12-ல வர்தா புயல் சென்னையில கரையைக் கடந்த மாதிரி ஒண்ணு வந்தா அந்தப் போல்ட் தாங்காது. எஸ்.எஸ். 316 போல்ட், பெரிய வாஷர், செப்டம்பர் முடியறதுக்குள்ள மாத்துங்க.

*

மாடி_டேங்க்:

எல்லோருக்கும் நன்றி. ரிஜெக்ட் தண்ணி யோசனையைக் கைவிட்டோம். ஏ.எம்.சி. ஆளை வரவழைத்து, கேஸ் போட விடாமல் எண்களை மட்டும் எடுத்தோம். வெளிக்காற்று 33 டிகிரி.

யூனிட் 1: சக்‌ஷன் 52 பிஎஸ்ஐ, சக்‌ஷன் குழாய் 20 டிகிரி, டிஸ்சார்ஜ் 232, தண்ணி வெளியேறுவது 55. ஃபேனிலிருந்து வரும் காற்று 22 டிகிரி.

யூனிட் 2: சக்‌ஷன் 24 பிஎஸ்ஐ, சக்‌ஷன் குழாய் 16 டிகிரி, டிஸ்சார்ஜ் 205, லிக்விட் லைன் 53. காற்று 29 டிகிரி.

யூனிட் 1-ஐ உள்ளிருந்து வெளியே கழுவினோம். அலசத் தொடங்கியபோது போகும் தண்ணி 140 பிபிஎம், வழிந்தது 1,850. இருபது நிமிஷத்தில் 180-க்கு வந்தது. பிறகு ஓட விட்டால் சக்‌ஷன் 61, காற்று 25.

இன்னொரு கேள்வி: யூனிட்டுகளுக்கு வெயில் படாமல் மேலே ஷீட் போட்டு ஒரு கூரை அமைக்கலாம் என்று மேனேஜர் சொல்கிறார். செய்யலாமா?

*

சூப்பர்ஹீட்_5:

யூனிட் 1 தெளிவு. 52 பிஎஸ்ஐ என்றால் 13 டிகிரி. குழாய் 20, சூப்பர்ஹீட் 7. கேஸ் சரி, காயில்தான் அழுக்கு. காற்று 11 டிகிரி குளிர்ந்து வெளியேறியதும் அதையே சொல்கிறது: காற்று குறைவாகப் போனால் போகும் கொஞ்சம் ரொம்பக் குளிரும். கழுவியதும் 8 டிகிரியானது, சக்‌ஷன் 17 டிகிரி அளவுக்கு ஏறியது. இந்த 61 பிஎஸ்ஐயும் 8 டிகிரியும் இனி உங்கள் அடிப்படை. வெளிக்காற்று இதே அளவில் இருக்கும் நாளில் 56-க்குக் கீழே இறங்கினால் தேதி பார்க்காமல் கழுவுங்கள். டிஸ்சார்ஜ் 232 ஓரளவு சரி. 240 தாண்டினால் எக்ஸ்சேஞ்சரைக் கவனியுங்கள்.

யூனிட் 2: 24 பிஎஸ்ஐ என்றால் மைனஸ் 3 டிகிரிக்குப் பக்கம். குழாய் 16, சூப்பர்ஹீட் 19. டிஸ்சார்ஜ் 205-க்கு 55 டிகிரி, லிக்விட் 53, சப்கூலிங் 2. கேஸ் குறைவுதான். உங்கள் ஆட்கள் சொன்னது சரியாகவே இருந்தது, ஆனால் அவர்கள் சொன்ன வைத்தியம் தவறு. கேஸ் தேயாது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை. ஓட்டையை விட்டுவிட்டு நிரப்பினால் அடுத்த காலாண்டிலும் அதே பில் வரும். நடுவில் கேஸோடு சேர்ந்து ஆயிலும் போய்க் கம்ப்ரசர் காயும்.

தேடும் இடம்: காயிலின் பக்கத் தகட்டில் குழாய் நுழையும் இடங்கள், யு-பென்டுகளின் (குழாய் திரும்பும் வளைவுகள்) பிரேஸிங் பற்று, டிஸ்ட்ரிபியூட்டரின் மெல்லிய குழாய்கள் ஒன்றோடொன்று உரசும் இடம், சர்வீஸ் வால்வு. எங்கே தூசி எண்ணெய்ப் பசையோடு கருப்பாக ஒட்டியிருக்கிறதோ அங்கே சோப்பு நுரை வையுங்கள். கடற்காற்று வீசும்போது நுரை வறண்டுவிடும், ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் முழுக்கப் பாருங்கள். சின்ன லீக்கில் குமிழி உடனே வராது, கடுகுமணிகளாகச் சேர்ந்து வெண்மையாகத் திரளும்.

கண்டபின்: இருக்கும் கேஸை ரெகவரி சிலிண்டரில் எடுக்கணும், காற்றில் விடக் கூடாது. குழாய்க்குள் நைட்ரஜன் மெல்ல ஓட விட்டுக்கொண்டே பிரேஸிங். இல்லாவிட்டால் உள்ளே கரி உதிர்ந்து எக்ஸ்பான்ஷன் வால்வை அடைக்கும். பிறகு நைட்ரஜன் டெஸ்ட், பெயர்ப்பலகையில் லோ சைடுக்குப் போட்டிருப்பதைத் தாண்டாமல். பிரஷர் டெஸ்டுக்கு ஆக்சிஜன் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது, ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். 200 பிஎஸ்ஐயில் நிறுத்தினால் 10 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு 7 பிஎஸ்ஐ ஏறி இறங்கும். மொட்டை மாடியில் காலைக்கும் மதியத்துக்கும் அவ்வளவு மாறும். அதனால் இன்று காலை 6 மணிக்கு எழுதியதை நாளைக் காலை 6 மணியோடு ஒப்பிடுங்கள். டிரையரைப் புதிதாகப் போட்டு, வேக்குவத்தை அளக்கும் மைக்ரான் கேஜில் 500-க்குக் கீழே வேக்குவம். பம்பை மூடி வைத்துப் பாருங்கள்: கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் ஈரம், நிற்காமல் ஏறினால் லீக். கேஸ் பெயர்ப்பலகையில் உள்ள எடைக்குத் தராசு வைத்துத்தான். கேஜ் பார்த்து நிரப்புவதை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

*

காயில்_பக்கம்:

கூரை வேண்டவே வேண்டாம் சார். வெயில் ஹீட் பம்புக்கு எதிரி இல்ல, சாப்பாடு. ஏ.சி. அவுட்டோரைப் பார்த்த பழக்கத்துல நிழல் போடத் தோணும். மேலே ஷீட் போட்டா ஃபேன் தள்ளற குளிர்ந்த காத்து ஷீட்ல முட்டி, கீழே விழுந்து, திரும்பவும் காயிலுக்கே போகும். 33 டிகிரி காத்து கிடைக்க வேண்டிய இடத்துல 27-தான் கிடைக்கும். யூனிட்டுக்கு மேலே திறந்த வானம் இருக்கணும். கைப்பிடிச் சுவருக்கும் காயிலுக்கும் நடுவுல மேனுவல்ல போட்டிருக்கற இடைவெளியாவது விடுங்க.

அதே மாடியில ஏ.சி. அவுட்டோர்கள் இருந்தா அதோட சூடான காத்து இந்தப் பக்கம் வர்ற மாதிரி வச்சா ரெண்டுக்கும் லாபம். ஆனா கிச்சன் எக்ஸாஸ்ட் பக்கம் வேண்டாம், எண்ணெய்ப் பசை நனைஞ்ச காயில்ல பிடிச்சா தண்ணியில போகாது. லாண்டரி எக்ஸாஸ்ட்டும் வேண்டாம், பஞ்சு ஈரக் காயில்ல போர்வை மாதிரி ஒட்டும்.

ஏறும் நேரத்தையும் மாசம் ஒருமுறை அளந்துடுங்க. 5,000 லிட்டரை 40-லிருந்து 55-க்கு ஏத்த 87 கிலோவாட்-மணி வெப்பம் வேணும். ரெண்டு யூனிட்டும் சேர்ந்து 60 கிலோவாட் கொடுத்தா ஒரு மணி 27 நிமிஷம். ரெண்டரை மணி நேரம் ஆகுதுன்னா கிடைக்கறது 35 கிலோவாட்தான். மதியம் 2 மணி வாக்குல, யாரும் தண்ணி எடுக்காதபோது, டேங்க் வால்வை மூடி, சர்க்குலேஷன் பம்ப் ஓட விட்டு அளங்க. கரன்ட் மிச்சம் பண்ண செட் பாயின்டை 45-க்கு இறக்கலாம்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. 20-லிருந்து 45 டிகிரி வரைக்கும் தேங்கின தண்ணியில லெஜியோனெல்லாங்கற நோய்க்கிருமி வளரும். டேங்க்ல 60 இருக்கறதுதான் பாதுகாப்பு.

*

மாடி_டேங்க்:

லீக் கிடைத்துவிட்டது. யூனிட் 2, கீழிருந்து மூன்றாவது யு-பென்ட், பக்கத் தகட்டை ஒட்டி. கருப்புப் பசை, அதன் மேல் சொன்ன மாதிரியே கடுகுமணி நுரை. அதே மூலையில் ஒரு அடி உயரத்துக்கு ஃபின் அப்பளமாக நொறுங்குகிறது. பிரேஸிங் பண்ணி ஓட்டவா, காயிலையே மாற்றவா?

*

காயில்_பக்கம்:

ஒரு அடின்னா இப்போதைக்கு பிரேஸிங் போதும். அந்த யு-பென்டைச் சுத்தி மத்த பென்டுகளையும் நல்லா தேய்ச்சுப் பாருங்க. பச்சைப் புள்ளிகளோ பள்ளமோ இருந்தா அடுத்த வருஷத்துக்குள்ள ரெண்டாவது லீக் வரும். வந்தா காயில் மாத்தறதுதான் சரி, ஒண்ணொண்ணா ஒட்டிக்கிட்டுப் போக முடியாது.

இப்பவே விலை மட்டும் கேட்டு வச்சுக்கோங்க. கேட்கும்போது நீலக் கோட்டிங் காயில்னு கேட்காதீங்க. காயிலை முழுசா அசெம்பிள் பண்ணின பிறகு எபாக்ஸியில முக்கி எடுத்த கோட்டிங்னு கேளுங்க. வெட்டின ஓரம், ஓட்டை விளிம்பு எல்லாம் மூடி வரும். செம்புக் குழாய்க்குச் செம்பு ஃபின் போட்டும் செஞ்சு தருவாங்க, விலை அதிகம், எடையும் அதிகம். எடுத்தா காயில் தாங்கற ஃப்ரேமை ஒருமுறை பார்த்துக்கோங்க. எதுவா இருந்தாலும் ஃபின் இடைவெளியைக் கொஞ்சம் அகலமாகக் கேளுங்க. நெருக்கமான ஃபின்ல ஈரமும் உப்பும் சேர்ந்து நின்னுடும், கழுவற தண்ணியும் உள்ளே போகாது. இடைவெளி கூடினா பரப்பு குறையும், அதுக்கு ஒரு வரிசைக் குழாய் கூடுதலா வேணுமான்னு செய்யறவங்களைக் கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்லுங்க.